அம்மம்மாவின் முகம் பார்க்கும் கண்ணாடி: கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது, மணி கூடப் பெட்டி பெட்டியாக வருகிறது

கேட்டவர்: கடற்காற்று (வெள்ளவத்தை)

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன். முழுக்கதையும் சொன்னால்தான் எங்கே பிழை விட்டேன் என்று உங்களுக்கு விளங்கும்.

எங்கள் வீட்டில் சாமியறைக்குப் போகிற விறாந்தையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி இருந்தது. அம்மம்மா தினமும் காலையில் குளித்துவிட்டு வந்து அதற்கு முன்னால் நின்றுதான் திருநீறு பூசுவார். அவருக்கு வயது 83. யாழ்ப்பாணத்தில் முப்பது வருடத்துக்கு மேல் தமிழ் படிப்பித்தவர். இப்போது காது சரியாகக் கேட்பதில்லை, நாளும் கிழமையும் மாறிப்போகிறது. கிளினிக் என்றைக்கு, அண்ணா கனடாவிலிருந்து எத்தனை மணிக்கு எடுப்பான் என்று ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை கேட்பார். நாங்கள் சத்தமாகச் சொல்ல வேண்டும். சத்தமாகச் சொன்னால், "ஏன் பிள்ளை கத்துறாய்" என்று அவருக்கு முகம் வாடிவிடும். அதைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அவர் எப்படியும் பார்க்கிற இடத்தில், அவருடைய முகத்துக்குப் பக்கத்திலேயே, இதையெல்லாம் எழுதி வைத்தால் என்ன என்று நினைத்தேன். பழைய கண்ணாடியும் கடற்காற்றில் ஓரமெல்லாம் கறுத்துப்போய் மாற்ற வேண்டிய நிலையில்தான் இருந்தது. (நாங்கள் இருப்பது கடற்கரை வீதிக்குக் கிட்ட, மூன்றாம் மாடி. இங்கே எதுவும் வெள்ளி நிறத்தில் நெடுநாள் இருப்பதில்லை.)

நான் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவள். சொல்டரிங் அயன் இதற்கு முன் பிடித்ததே இல்லை.

என்ன செய்தேன் என்றால்: 22 அங்குலப் பழைய மொனிட்டர் ஒன்றை வாங்கி, சுற்றியிருந்த பிளாஸ்டிக் சட்டத்தைக் கழற்றினேன். அண்ணா போன வருடம் வந்தபோது கொண்டுவந்த ராஸ்பெரி பை 4 (உள்ளங்கை அளவுக் கணினி) ஒன்று சும்மா கிடந்தது. அதில் மஜிக் மிரர் என்ற மென்பொருளைப் போட்டேன். 2014 இல் ஒல்லாந்துக்காரர் ஒருவர் தன் வீட்டுக்குச் செய்ததில் தொடங்கியது அது. இன்றைக்கு இலவசமாக, யாரும் மாற்றி அமைக்கக் கூடியதாக இருக்கிறது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து. எழுத்து இருக்கிற இடத்தில் வெளிச்சம் கண்ணாடியைத் தாண்டி வரும், மற்ற இடத்தில் உங்கள் முகம் தெரியும். அவ்வளவுதான் சூத்திரம்.

கண்ணாடிதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. முதலில் 3 மில்லிமீற்றர் அக்ரிலிக் கண்ணாடித் தகடு வாங்கினேன். சுவரில் வைத்துப் பார்த்தால் முகம் வளைந்து, ஒரு கன்னம் ஊதினது போல இருந்தது. அம்மம்மா அதைப் பார்த்து, "எனக்கு வீங்கியிருக்குதோ" என்று கன்னத்தைத் தடவிப் பார்த்தார். அன்றைக்கே அதை ஒதுக்கிவிட்டேன். அப்புறம் 5 மில்லிமீற்றர் சாதாரணக் கண்ணாடி வெட்டுவித்து, கட்டட ஜன்னலுக்கு ஒட்டுகிற வெள்ளிப் படலத்தை அதன் பின்பக்கம் ஒட்டினோம். அதைச் செய்தது அம்மாவும் நானும். சவர்க்காரம் கலந்த தண்ணீரைக் கண்ணாடி முழுக்க விசிறி, படலத்தின் பின்தாளை அம்மா ஒரு முனையில் பிடித்து மெல்ல மெல்ல உரிக்க, நான் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளினேன். துணி சுற்றின பழைய வங்கி அட்டைதான் கருவி. முதல் தடவை மின்விசிறியை நிறுத்த மறந்துபோனோம். ஒரு பஞ்சுத் துகள் உள்ளே போய், அதைச் சுற்றி ஒரு ரூபாக் குற்றி அளவில் குமிழ். அதுவும் சரியாக அம்மம்மாவின் நெற்றி வருகிற உயரத்தில். உரித்து எறிந்துவிட்டு மறுபடி ஒட்டினோம். இரண்டாவது தடவை வடிவாக வந்தது.

படத்தைச் செங்குத்தாகத் திருப்பவும் இரண்டு இரவு போனது. பழைய காணொளிகளில் துவக்கக் கோப்பில் ஒரு வரி சேர்க்கச் சொல்கிறார்கள். ராஸ்பெரி பையின் இயங்குதளத்தில் 2023 ஒக்டோபரில் வந்த புக்வேர்ம் பதிப்பிலும் அதற்குப் பிறகும் அந்த வரி எடுபடாது. திரை அமைப்புக்குப் போய் அங்கேதான் திருப்ப வேண்டும். இதைத் தேடி வருகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

இனி என் கேள்விகள்.

பகலில் பரவாயில்லை. இரவில் விறாந்தை விளக்கை அணைத்தால், மொனிட்டர் இருக்கிற இடம் முழுக்க ஒரு சாம்பல் நிறச் செவ்வகமாகத் தெரிகிறது. கறுப்பு கறுப்பாக இல்லை. விளக்குப் போட்டாலும் முகம் மங்கல்தான். மொனிட்டரில் பிழையா, படலத்தில் பிழையா?

அடுத்தது, அமைப்புக் கோப்பில் மொழியைத் தமிழுக்கு மாற்றினேன். கிழமை, மாதம் எல்லாம் பெட்டி பெட்டியாக வருகிறது. எழுத்துரு இல்லை என்று ஊகித்தேன். ஆனால் மணியும் பெட்டியாக வருகிறதே, அதுதான் விளங்கவில்லை. இலக்கத்துக்கு என்ன தமிழ் எழுத்துரு? ஆங்கிலத்துக்கு மாற்றினால் மணி சரியாக வருகிறது.

ஆள் வந்தால் மட்டும் திரை எரிய வேண்டும் என்று ஒரு அசைவு உணரியும் வாங்கினேன். வெள்ளைக் குமிழ் போட்ட சின்னப் பலகை. மேசையில் வைத்துப் பார்க்கும்போது கையசைத்தால் உடனே பிடிக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் செத்ததுபோல் இருக்கிறது. இரண்டு வாங்கிப் பார்த்துவிட்டேன்.

மூலையில் அடிக்கடி ஒரு மஞ்சள் மின்னல் குறியும் வந்து போகிறது. அதைப்பற்றித் தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.

செய்தி, பங்குச்சந்தை எதுவும் எனக்கு வேண்டாம். நாள், கிழமை, இங்கே மணி, டொரண்டோவில் மணி, மழை வருமா, கிளினிக் திகதி. அம்மா ராகுகாலமும் கேட்கிறார். அம்மம்மா தூரத்திலிருந்து வாசிக்கக் கூடியதாக இருந்தால் போதும்.

பதில்: பழைய ஈயம் (தெஹிவளை)

தங்கச்சி, படலம் ஒட்டின விதம் நன்றாக இருக்கிறது. அந்த வேலையில்தான் முக்கால்வாசிப் பேர் கைவிடுகிறவர்கள். பெரிய குமிழ் டிவிக் காலத்திலிருந்து நான் திருத்த வேலை செய்கிறேன், ஆகவே முதல் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

எல்சிடி திரையில் கறுப்பு என்பது விளக்கில்லாத இடம் இல்லை. பின்னால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், முன்னால் இருக்கிற திரவப் படிகம் கதவைச் சாத்தும். கதவு முழுக்கச் சாத்தாது. வெள்ளைக்கும் கறுப்புக்கும் 1000 க்கு 1 என்று எழுதியிருக்கிற திரையில், வெள்ளை 250 நிட் (வெளிச்சத்தை அளக்கிற அலகு) என்றால் கறுப்பும் கால் நிட் வெளிச்சம் விடும். பகலில் அது கண்ணுக்குப் படாது. இருட்டு விறாந்தையில் நன்றாகவே படும். விஏ என்ற வகை எல்சிடித் திரைகள் 3000 க்கு 1 அளவில் இருக்கும், அவற்றில் இந்தச் சாம்பல் குறைவு. அடுத்த தடவை மொனிட்டர் வாங்கினால் அதைக் கேட்டு வாங்குங்கள். இப்போது இருப்பதை மாற்ற வேண்டாம், காசு வீண்.

உண்மையில் பிழை மொனிட்டரிலும் இல்லை, படலத்திலும் இல்லை. விறாந்தையில் வெளிச்சம் இல்லை. இப்படியான கண்ணாடிக்கு எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கத்து ஆளுக்குத்தான் அது கண்ணாடி. ஜன்னலுக்கு இதே படலத்தை ஒட்டினவர்களைக் கேளுங்கள்: பகலில் வெளியே நிற்கிறவருக்கு உள்ளே தெரியாது, இரவில் வீட்டுக்குள் விளக்குப் போட்டால் எல்லாம் வெளியே தெரியும். உங்கள் விறாந்தை விளக்கு எங்கே இருக்கிறது? கூரையில், அம்மம்மாவின் தலைக்குப் பின்னால் என்றால் அது அவருடைய முதுகுக்கு வெளிச்சம், முகத்துக்கு இல்லை. கண்ணாடிக்கு மேலே, முகத்தைப் பார்த்தபடி, மஞ்சள் நிற எல்இடி ஒன்று வையுங்கள். முகமும் தெளியும், சாம்பலும் மறையும். படலம் 20 வீதம் வெளிச்சம் விடுகிறது என்று வைத்தால் உங்கள் 250 நிட் எழுத்து 50 ஆகத்தான் வெளியே வரும். ஆகவே விளக்கை எழுத்து மேல் நேரே அடிக்கிற மாதிரி வைக்காமல் சாய்வாக வையுங்கள். இரவில் மொனிட்டர் பிரகாசத்தைக் குறையுங்கள்.

இன்னொன்று: மொனிட்டர் மூடாத இடமெல்லாம் பின்னால் தடித்த கறுப்புத் தாள் ஒட்டினீர்களா? ஒட்டாவிட்டால் பின்சுவர் மங்கலாகத் தெரிந்து அந்தச் செவ்வகத்தை இன்னும் எடுத்துக்காட்டும். மொனிட்டர் கண்ணாடியோடு ஒட்டி நிற்க வேண்டும். இடைவெளி விட்டால் எழுத்து இரட்டையாகத் தெரியும்.

உணரிக்கு வருகிறேன். இரண்டுமே நல்ல உணரிகள்தான், எறிந்துவிட வேண்டாம். அது உடம்புச் சூட்டைப் பார்க்கிற சாமான். டிவி ரிமோட்டின் அகச்சிவப்புக் கதிர் கண்ணாடியால் போகும், அதனால் இதுவும் போகும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உடம்பிலிருந்து வருகிற கதிரின் அலைநீளம் அதைவிடப் பத்து மடங்கு நீளம். அதற்குக் கண்ணாடி என்பது செங்கல் சுவர் மாதிரி. நீங்கள் எத்தனை உணரி மாற்றினாலும் கண்ணாடிக்குப் பின்னால் அது குருடுதான். சட்டத்தின் கீழ்க்கட்டையில் துளை போட்டு அந்த வெள்ளைக் குமிழை வெளியே எட்டிப் பார்க்க விடுங்கள். பலகையின் ஓரத்தில் இரண்டு சின்னத் திருகு இருக்கும், ஒன்று தூரம், மற்றது எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பது. ராஸ்பெரி பையின் வைஃபை பகுதிக்குப் பக்கத்தில் வைத்தால் ஆள் வராமலே துடிக்கும், ஆகவே ஒரு சாண் தள்ளியே வையுங்கள். ஏப்ரல் வெக்கையில் உடம்புச் சூட்டுக்கும் அறைச் சூட்டுக்கும் வித்தியாசம் குறைந்துவிடும், அப்போது கொஞ்சம் மந்தமாகப் பிடிக்கும். அது பழுது இல்லை.

மஞ்சள் மின்னல் என்றால் மின்சாரம் போதவில்லை. போன் சாஜர் போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பை 4 க்கு 5.1 வோல்ட், 3 அம்பியர். அதற்கென்று செய்த அடப்டரை வாங்குங்கள்.

பதில்: அரைத்தூக்கம் (கொட்டாஞ்சேனை)

அக்கா, மணி ஏன் பெட்டியாக வருகிறது என்று வாசித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. உங்களைப் பார்த்து இல்லை, எனக்கும் இதே விஷயத்தில் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது.

மஜிக் மிரர் திகதிக்கும் மணிக்கும் மொமென்ட் என்ற நிரல் நூலகத்தைப் பயன்படுத்துகிறது. அதில் தமிழைச் சேர்த்தவர்கள் ஆசையாகச் செய்திருக்கிறார்கள்: தமிழைத் தேர்ந்தால் 1, 2, 3 எல்லாம் ௧, ௨, ௩ ஆக மாறிவிடும். நீங்கள் பார்த்த பெட்டிகள் தமிழ் இலக்கங்கள். எழுத்துரு இல்லாததால் அவையும் பெட்டியாகிவிட்டன. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நிறுவி, தோற்றத்தை மாற்றுகிற கஸ்டம் சிஎஸ்எஸ் கோப்பில் முதல் எழுத்துருவாக அதைப் போடுங்கள். பெட்டியெல்லாம் போய்விடும். வழக்கமாக வருகிற மெலிந்த எழுத்தை விடுங்கள். ஆங்கிலத்துக்கு அது அழகு, தமிழில் சுழிகள் கண்ணுக்குப் படாது. நடுத்தரத் தடிப்பு, கொஞ்சம் கூடின வரி உயரம். இல்லாவிட்டால் மேல்வரியின் ‘கு’வும் கீழ்வரியின் ‘கி’யும் முட்டிக்கொள்ளும்.

எழுத்துரு வந்ததும் மணி தமிழ் இலக்கத்தில் தெரியும். வேண்டாம் என்றால் ஒரே ஒரு வரிதான்: அந்த நூலகத்தின் தமிழ்ப் பகுதியைப் புதுப்பிக்கிற கட்டளையைக் கூப்பிட்டு, கடைசியில் இலக்கத்தை மாற்றுகிற சின்ன நிரல் துண்டை "வந்ததை அப்படியே திருப்பிக் கொடு" என்று எழுதிவிடுங்கள். அதே கட்டளையில் மாதப் பெயரையும் நம் வழக்கத்துக்கு மாற்றலாம். அங்கே பிப்ரவரி, ஆகஸ்ட், அக்டோபர் என்று இருக்கிறது. பெப்ரவரி, ஓகஸ்ட், ஒக்டோபர் என்று எழுதினால் உங்கள் அம்மம்மாவுக்குப் பழக்கமாக இருக்கும்.

இந்த வரியை எங்கே வைப்பது என்றால், எப்படியும் ராகுகாலத்துக்கு நீங்கள் சொந்தமாக ஒரு சின்னத் தொகுதி (மஜிக் மிரரில் ஒரு விஷயத்தைக் காட்டுகிற துண்டு நிரல்) எழுதத்தான் வேண்டும், அதன் தொடக்கத்திலேயே வைத்துவிடுங்கள். ராகுகாலம் கஷ்டமே இல்லை. ஞாயிறு 4:30, திங்கள் 7:30, செவ்வாய் 3:00, புதன் 12:00, வியாழன் 1:30, வெள்ளி 10:30, சனி 9:00. இதிலிருந்து ஒன்றரை மணித்தியாலம். ஏழு வரி அட்டவணை. அம்மா பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறவர் என்றால், அன்றைய சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை எட்டாகப் பிரித்து, திங்களுக்கு இரண்டாம் பங்கு, சனிக்கு மூன்றாம் பங்கு, வெள்ளிக்கு நான்கு, புதனுக்கு ஐந்து, வியாழனுக்கு ஆறு, செவ்வாய்க்கு ஏழு, ஞாயிறுக்கு எட்டு. உதய நேரத்தைக் கணிக்கிற நூலகம் மணிக்கூட்டுத் தொகுதியோடேயே வருகிறது.

டொரண்டோவுக்கு மணிக்கூட்டுத் தொகுதியை இரண்டாவது தடவை சேர்த்து நேரவலயத்தை மட்டும் மாற்றுங்கள். கோடையில் ஒன்பதரை மணித்தியாலம், குளிர்காலத்தில் பத்தரை என்று அது தானே மாறிக்கொள்ளும். மழைக்கு ஓபன் மீட்டியோ என்ற வானிலைச் சேவையை எடுங்கள், அதற்குக் கடவுச்சாவி எதுவும் கேட்காது. பாராட்டு வரி காட்டுகிற தொகுதி ஒன்று இருக்கிறதே, அதை நீக்க வேண்டாம். அது வெளியில் இருக்கிற ஒரு கோப்பிலிருந்தும் வரியை எடுக்கும். உங்கள் அண்ணா அங்கிருந்து எழுதுகிற ஒரு வரி அம்மம்மாவின் முகத்துக்குக் கீழே வரச் செய்யலாம்.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். கரண்ட் திடீரென்று போனால் மெமரி கார்ட் கெட்டுப்போகும். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுக்கக் கரண்ட் போனதே, அன்றைக்கு என்னுடையது போனது. நான் எழுதி வைத்த எல்லாமே அதில்தான் இருந்தது, வேறு பிரதி இல்லை. எல்லாம் சரியாக வந்தபிறகு ராஸ்பெரி பையின் அமைப்பில் மேலடுக்குக் கோப்பு முறையை இயக்கிவிடுங்கள். அதற்குப் பிறகு கார்ட்டில் எதுவும் எழுதப்படாது, எப்போது கரண்ட் போனாலும் பயமில்லை. ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் அதை ஒருக்கா நிறுத்தி, மாற்றி, மறுபடி இயக்குங்கள். அதற்கு முன் கார்ட்டின் பிரதி ஒன்றை லப்டொப்பில் எடுத்து வையுங்கள்.

பதில்: சட்டம் போடுகிறவர் (வத்தளை)

மகள், மற்றவர்கள் உள்ளே இருப்பதைச் சொல்லிவிட்டார்கள், நான் வெளியே இருப்பதைச் சொல்கிறேன். வயதானவர் தினமும் முன்னால் நிற்கிற சாமான் இது, அதனால்தான் எழுதுகிறேன்.

5 மில்லிமீற்றர் கண்ணாடி ஒரு சதுர மீற்றருக்கே பன்னிரண்டரைக் கிலோ. மொனிட்டரும் மரமும் சேர்ந்தால் ஒரு ஆணியில் தூக்குகிற பாரம் இல்லை. சுவரில் ரோல் பிளக் போட்டு, சரிவாக அறுத்த இரண்டு கட்டை, ஒன்று சுவரில், ஒன்று சட்டத்தின் பின்னால், ஒன்றின் மேல் ஒன்று கொழுவி நிற்கிற மாதிரிச் செய்யுங்கள். தூக்கினால் கையோடு வரும், தள்ளினால் அசையாது. பூச்சுக்குப் பின்னால் செங்கலா, சீமெந்துக் கல்லா என்று தட்டிப் பார்த்துத்தான் துளை போட வேண்டும். உள்ளே பொள்ளலான கல் என்றால் அதற்கேற்ற பிளக்கைக் கேட்டு வாங்குங்கள்.

எம்டிஎஃப் பலகை வேண்டாம். கடலோர ஈரத்தில் ஓரம் ஊதும். தேக்கோ மகோகனியோ பழைய கதவு நிலையிலிருந்து எடுத்தால் நல்லது, அது ஏற்கெனவே காய்ந்து அடங்கின மரம். சட்டத்தின் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் காற்றுத் துளை விடுங்கள், சூடு மேலே போகும், கீழாலே குளிர்ந்த காற்று வரும். கண்ணாடியின் வெட்டு ஓரத்தைச் சுற்றிச் சிலிக்கன் மெல்லிசாகப் பூசுங்கள். அங்கேதான் உப்புக்காற்று படலத்துக்குள் போய் வெள்ளியைத் தின்னும்.

230 வோல்ட் வயரை சட்டத்துக்குள் வெட்டி ஒட்ட வேண்டாம். அடப்டர்கள் வெளியே, சுவர்ப் பிளக்கில் இருக்கட்டும். உள்ளே 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் மட்டும் போகட்டும். மொனிட்டருக்கு நேரே 230 போகிற மாதிரி இருந்தால் அதன் சொந்த வயரையே முழு நீளமாக வெளியே எடுங்கள்.

உயரத்தையும் பாருங்கள். உங்கள் கண்ணுக்கு அளந்து மாட்டினால் அம்மம்மா அண்ணாந்து பார்க்க வேண்டி வரும். அவரை நிற்க வைத்து அளவு எடுங்கள்.

கடற்காற்று

எல்லோருக்கும் நன்றி. ஐயா, உயரத்தை என் கண்ணுக்குத்தான் அளந்திருந்தேன். இன்றைக்கு அம்மம்மாவை நிற்க வைத்துப் பார்த்தேன், ஒரு சாணுக்கு மேல் கீழே இறக்க வேண்டும். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி தொடங்குகிறேன். மொனிட்டர் 12 வோல்ட் அடப்டரில்தான் ஓடுகிறது, ஆகவே 230 உள்ளே போகாது. செய்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

கடற்காற்று (மூன்று கிழமைக்குப் பிறகு)

முடிந்தது. மாட்டி ஒன்பது நாளாகிறது.

தெஹிவளை அண்ணா சொன்ன விளக்குத்தான் எல்லாவற்றையும் மாற்றியது. கண்ணாடிக்கு மேலே ஒரு சாண் முன்னால் தள்ளி, 5 வாட் மஞ்சள் எல்இடி. போட்ட அன்று இரவு அம்மா வந்து நின்று, "இது பழைய கண்ணாடியைவிட நல்லாயிருக்கு" என்றார். சாம்பல் செவ்வகம் தேடிப் பார்த்தால்தான் தெரிகிறது. உணரியைக் கீழ்க்கட்டையில் துளை போட்டு வைத்தோம், விளக்கையும் அதோடேயே சேர்த்துவிட்டேன். அம்மம்மா விறாந்தைக்கு வந்ததும் விளக்கும் எழுத்தும் ஒன்றாக எரிகின்றன, இரண்டு நிமிடத்தில் அணைகின்றன. இரவில் எழும்பிப் போகும்போதும் அது அவருக்கு வெளிச்சமாகிவிட்டது. இதை நான் நினைத்திருக்கவே இல்லை. சரியான அடப்டர் போட்டதும் மின்னல் குறி போய்விட்டது. மரம், பழைய கதவு நிலைத் தேக்கு. புறக்கோட்டையில் முதலாம் குறுக்குத்தெருவில் ரௌட்டருக்கு வைக்கிற சின்ன மின்சேமிப்புப் பெட்டி ஒன்றும் வாங்கி, ராஸ்பெரி பைக்கு வைத்தேன். மேலடுக்குக் கோப்பு முறையும் இயக்கியாயிற்று, கார்ட்டின் பிரதி இரண்டு இடத்தில் இருக்கிறது.

எழுத்து விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எழுத்துரு போட்டதும் தமிழ் இலக்கத்தில் மணி வந்தது. அம்மம்மா நின்று வாசித்தார், ஒரு தயக்கமும் இல்லாமல். "இதை ஆர் போட்டது?" என்று கேட்டார். அம்மாவுக்கும் எனக்கும் ௪ எது, ௬ எது என்று தெரியவில்லை, ஆகவே கொட்டாஞ்சேனைத் தம்பி சொன்ன வரியைப் போட்டு வழக்கமான இலக்கத்துக்கு மாற்றினேன். அடுத்த செவ்வாய் காலை, திருநீற்றுக் கையோடு நின்று கண்ணாடியைப் பார்த்து, "செவ்வாய்கிழமை இல்லை பிள்ளை, செவ்வாய்க்கிழமை. க் விட்டுப்போச்சு" என்றார். போய்ப் பார்த்தேன். உண்மையாகவே அந்த நூலகத்தில் அப்படித்தான் இருந்தது. நாள் மறந்துபோகிறவர் ஒற்றை மறக்கவில்லை. அன்று இரவே மாதப் பெயர்களோடு அதையும் திருத்தினேன்.

மணியை 12 மணித்தியால முறையில் வைத்தேன், அவருக்கு 15:00 என்றால் விளங்காது. அப்போதுதான் இன்னொன்று தெரிந்தது. முற்பகல் பிற்பகல் என்று வரும் என்று பார்த்தால், அந்தத் தமிழ்ப் பகுதியில் சிறுபொழுதுகளை வைத்திருக்கிறார்கள்! இரவு பத்திலிருந்து இரண்டு வரை யாமம், பிறகு ஆறு வரை வைகறை, பத்து வரை காலை, இரண்டு வரை நண்பகல், ஆறு வரை எற்பாடு, பத்து வரை மாலை. அம்மா எற்பாடு என்றால் என்ன என்று கேட்டார், எனக்கும் தெரியவில்லை. அம்மம்மா அப்படியே கதிரையில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார். எல் என்றால் சூரியன், அது படுகிற நேரம் எற்பாடு. நெய்தல் நிலத்துக்கு உரிய பொழுது. "நாங்கள் இருக்கிறது கடற்கரையில்தானே, எங்களுக்கு இதுதான் நேரம்." அரைமணி நேரம் கதைத்தார். அவர் அப்படித் தொடர்ந்து கதைத்துப் பல மாதம்.

தம்பி, அந்தச் சொற்களை மாற்றச் சொல்லி நீ வரி எழுதித் தந்தாலும் நான் இனி மாற்றமாட்டேன்.

அண்ணாவின் வரியும் வருகிறது. முதல் நாள் அவன் எழுதினது, "அம்மம்மா, மருந்து குடிச்சீங்களா?" அவர் கண்ணாடியைப் பார்த்து, "குடிச்சிட்டன்" என்று பதில் சொன்னார்.

நேற்றுப் பின்னேரம் அம்மா அண்ணாவுக்கு எடுக்கப் போனை எடுத்தார். அம்மம்மா விறாந்தையில் நின்றிருந்தார். மேலே கொழும்பு எற்பாடு 3:00, அதற்குக் கீழே டொரண்டோ வைகறை 5:30. திரும்பிப் பார்த்து, "அவனுக்கு இன்னும் விடியேல்லை, படுக்கட்டும்" என்றார்.